மூன்றாம் மாடி உறைபெட்டி

உலான்பாத்தரில் ஜனவரி.
இரவு பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது.
மூன்றாவது முறை இருமவில்லை.

எங்கள் கட்டடம் முழுமைக்கும் ஒரே உறைபெட்டி,
கழித்தல் எண்பது.
பகலில் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை;
அவற்றின் பொருட்கள்தான் உள்ளே
தோளோடு தோள் இடித்துக்கொண்டு கிடக்கும்.
சாவியும் பதிவேடும் என்னிடம்.

கழித்தல் அறுபது. ஐம்பத்தைந்து.
கதவின் ரப்பர் வியாழக்கிழமையே கிழிந்திருந்தது,
மூன்று கடிதம் எழுதியிருந்தேன்.
அறைக்குள்ளோ நகரத்தின் வெந்நீர்க் குழாய்கள்
யாரையும் கேட்காமல் கொதிக்கின்றன.

எல்லாரையும் கூப்பிட்டேன்.

ஓயுன்பிலெக் வந்தாள், இரவு உடைக்கு மேல் கோட்டு.
தொப்புள்கொடி ரத்தம், நூற்றுப் பன்னிரண்டு குப்பி.
அடுப்புக்கரியின் புகை
வயிற்றுப் பிள்ளையை எந்த மாதம் தொடுகிறது
என்று ஆறு வருஷமாய்த் தேடுகிறாள்.
தோமோர்ஹுயாக்குடையது பனிப்பாறை,
முழங்கை நீளத் துண்டுகள்;
அல்தாய் மலையில் முந்நூறு வருஷம் பெய்ததை
அடுக்குக் கலையாமல் வைத்திருப்பவன்.
கால்நடை மருத்துவத்தின் துலாம்சுரேனுக்கு
ஆட்டுக் குடல், நாற்பது பை.
கணிதத்துறை இதேருக்கு உறைய வைக்க எதுவுமில்லை,
டார்ச் பிடிக்க வந்தான்.

சமூகவியல் லுவ்சந்தோர்ஜ் கடைசியில் வந்தார்.
அவர் பெயரில் ஒரே ஒரு பதிவு:
'பை, ஒன்று. தரவு.'

காவலாளி நெர்குய்தான் சொன்னார்:
"வெளியே குளிர் சும்மா கிடக்கிறதே, எடுத்துப் போங்கள்."
நெர்குய் என்றால் பெயர் இல்லை என்று அர்த்தம்.
அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம்;
சாவை ஏமாற்ற வைத்த பெயர்.
எண் மட்டும் ஒட்டிய குப்பிகளை
அவர் கை மாற்றி வாங்கியபோது
அது ஞாபகம் வந்தது எனக்கு.

முற்றத்தில் கழித்தல் முப்பத்தொன்பது.
பனியைத் தோண்டித் தட்டுகளை இறக்கினோம்.
கழித்தல் எண்பது இல்லைதான்.
ஏறாமல் நின்றால் போதும் என்றாள் ஓயுன்பிலெக்,
யாரிடமோ கெஞ்சுவதுபோல்.

பிறகு நாய்கள் வந்தன.
குடல் வாசனை, ஏழெட்டு நாய்.
அறிவியலும் மருத்துவமும் சமூகமும்
ஆளுக்கொரு துடைப்பக்கட்டையோடு
வட்டமாய் நின்றன.

நின்றால் பேச்சு வரும்.
தோமோர்ஹுயாக் ஒரு துண்டை டார்ச்சில் காட்டினான்:
மேல்நுனியில் நகக்கண் அழுக்குபோல் கறுப்பு.
ஓயுன்பிலெக் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.
"இது எந்த வருஷம்?"
அவன் சொன்னான்.
துலாம்சுரேன் திரும்பினாள்,
பனி இறுகிப் புல்லை மூடிக்கொண்டதும்
அவளுடைய ஆடுகள் நின்றபடியே செத்ததும்
அதற்கு முந்தின குளிர்காலம்.
"அந்த ஆட்டுக்காரர்கள்தானே
இங்கே வந்து கரி அடுப்பு மூட்டினார்கள்,"
என்றார் லுவ்சந்தோர்ஜ், தட்டைப் பார்த்துக்கொண்டே.
இதேர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து
மூடிக்கொண்டான்.
ஒரு நாய் கொட்டாவி விட்டது.

நாலு இருபதுக்கு விளக்கு வந்தது.
சுமந்தோம், மாடிக்கு மாடி.
கெட்டது எவ்வளவு, தப்பியது எவ்வளவு
என்று தெரிய மார்ச் ஆகும்.

ஒரு பை மட்டும் மிஞ்சியது.
"அதில் என்ன?"
லுவ்சந்தோர்ஜ் காதைச் சொறிந்தார்.
"எழுநூறு ஆடு வைத்திருந்தவள்.
எத்தனை செத்தது, எத்தனை கடன்,
இரண்டு மணிநேரம் கேட்டேன்.
எழுந்தபோது கொழுக்கட்டை கொடுத்தாள்,
கறி வைத்தது, இருபது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
தின்னவும் மனம் வரவில்லை."

நெர்குய் தன் அறை அடுப்பில் பானை வைத்தார்.
கரி அடுப்பு.
ஓயுன்பிலெக் புகைக்கூண்டை அண்ணாந்து பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் மூன்று தின்றாள்.

விடிந்ததும் பதிவேட்டைத் திறந்தேன்.
'பை, ஒன்று. தரவு.'
அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினேன்:
உண்ணப்பட்டது. ஆறு பேர்.
நெர்குய் எட்டிப் பார்த்தார்.
ஏழு என்று திருத்தினேன்.